இடம் மாறிய இரண்டு எண்கள்

போன மாதம் ஒரு மாலை, என் பழைய அலுவலகத்தில் வேலை செய்யும் கவிதா கூப்பிட்டாள். பட்டர்வொர்த்தில் ஏதோ ஒரு கிடங்கில் இருந்து பேசினாள்.

"அக்கா, இவங்க வெளிய கால் பண்ணா வேற நம்பர் காட்டுதாம். நான் திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணிட்டேன், சரியாத்தான் காட்டுது லா. பழுது இல்லன்னு எழுதிட்டு வந்துடவா?"

"எழுதாத" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. அவளுக்கு வாடிக்கையாளர் காத்திருந்தார், எனக்கு அடுப்பில் குழம்பு. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கான பதிலை அப்போதிருந்து மனதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

நான் பினாங்கின் பைராம் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை. மாலை வகுப்பில் தொலைத்தொடர்பு படித்தேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். அலுவலகங்களுக்குத் தொலைபேசி இணைப்பகம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர்கள் தொழில். ஓர் அலுவலகத்தில் நாற்பது மேசைகளில் போன் இருக்கும், வெளியே போகும் இணைப்பு பத்துதான் இருக்கும். யார் பேச்சை எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்யும் பெட்டிதான் இணைப்பகம். ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டிகளோடுதான் இருந்தேன்.

சேர்ந்த புதிதில் எண் தவறாகத் தெரிவது ஒரு சிரிப்பான பழுது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தொழிற்சாலை அலுவலகத்தை வேறு தளத்துக்கு மாற்றியபோது பொது மேலாளரின் எண்ணும் கேண்டீன் எண்ணும் இடம் மாறிவிட்டன. கேண்டீன் அக்கா கூப்பிட்டால் எல்லாரும் எழுந்து நின்று "யெஸ் பாஸ்" என்றார்கள். மேலாளர் கூப்பிட்டால் "அக்கா, மீ கோரேங் ரெடியா?" என்றார்கள். நான் சரிசெய்யப் போனபோது அந்தச் சீன மேலாளர் மலாயில் என்னிடம் சொன்னார்: அவசரமில்லை, நாளைக்கு வாருங்கள், இந்த வாரம்தான் எல்லாரும் என்னிடம் சிரித்துப் பேசுகிறார்கள் என்று.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் யூசுப் அண்ணன். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். உயரமானவர், எந்த வாசலிலும் சற்றுக் குனிந்தே நுழைவார். இணைப்பகப் பெட்டியைத் திறக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மின்சாரத்துக்குப் பயந்து என்று நான் நினைத்தேன். ஒருமுறை கேட்டதற்கு, "மணி பாத்தா அவசரம் வரும்மா" என்றார்.

வாடிக்கையாளர் கத்தினால் அவர் குரல் இறங்கும். எதிரே இருப்பவர் இன்னும் கத்தினால் இன்னும் இறங்கும். கடைசியில் இவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவாவது அவர்கள் பேச்சை நிறுத்தியாக வேண்டும். எண் தவறாகத் தெரிகிறது என்று யார் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி, "அந்தப் பக்கம் உள்ளவங்க என்ன பாத்தாங்க?" என்பதுதான். யார் கூப்பிட்டது, எந்த மேசையில் இருந்து, எந்த வழியாக வெளியே போனது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வரவேற்பு மேசையில் நின்று ஒரு கால் செய்து பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். யாருக்குப் பிரச்சினையோ அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட வேண்டும். வேலைத் தாளில் "பழுது இல்லை" என்று எழுத அவர் யாரையும் விட்டதில்லை. "இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதச் சொல்வார்.

லெட்சுமி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது செபராங் ஜெயாவில், பார்சல் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் காத்திருப்பு நாற்காலியில். அந்த நிறுவனம் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. கடலுக்கு அக்கரையில் உள்ள செபராங் ஜெயாவுக்கு இடம் மாறியபோது பழைய தீவு எண்ணையே கொண்டுவந்திருந்தார்கள். அப்போதுதான் பழைய கம்பி இணைப்பை விட்டுவிட்டு இணையவழி இணைப்புக்கு மாறியிருந்தார்கள். ஷீலா என்ற இளம்பெண் அங்கே வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் கால் பிரிவுக்குப் பொறுப்பு. அவள்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணே, இந்த அக்கா ஆபீஸ் திறந்ததுல இருந்து இங்கதான் இருக்காங்க. எங்க நம்பரால அவங்க வீட்டுக்குத் தொல்லையாம். போலீசுக்குப் போறேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல, அமைதியா உக்காந்திருக்காங்க. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

லெட்சுமி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மடியில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தினமும் யாராச்சும் கூப்பிட்டு என் பார்சல் எங்கன்னு கேக்கிறாங்கம்மா. நீங்க போன் பண்ணீங்க, எடுக்க முடியல, அதான் திருப்பிக் கூப்பிடுறேங்கிறாங்க. நான் யாருக்கும் பண்ணல. டெலிபோன்காரங்ககிட்ட சொன்னேன். உங்க லைன் நல்லாத்தான் இருக்கு, வேணும்னா நம்பரை மாத்திக்குங்கன்னாங்க."

"மாத்திக்கலாமே அக்கா?" என்றேன். பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள்.

"என் தம்பிக்கு இந்த நம்பர்தான் தெரியும்."

அவருடைய தம்பி மணியத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே மனவளர்ச்சி குறைந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நடப்பது பிடிக்கும். காலையில் கிளம்பி லிட்டில் இந்தியா, படகுத்துறை என்று சுற்றிவிட்டு மதியம் தாண்டி வீட்டுக்கு வருவார். ஃபெர்ரியில் ஏறி அக்கரை போய் அதே ஃபெர்ரியில் திரும்பி வருவதும் உண்டு. சிறு வயதில் அவருடைய அம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தாலாட்டு மெட்டில் பாடிப் பாடி மனதில் பதிய வைத்திருந்தார். வழி தவறினால் ஏதாவது ஒரு கடைக்குள் போய் அந்த எண்ணைப் பாடுவார். கடைக்காரர் புரிந்துகொண்டு கூப்பிடுவார். அம்மா இறந்த பிறகு அந்த போனை எடுப்பது அக்காவின் பொறுப்பாயிற்று.

"இப்ப பார்சல்காரங்க போன்ல இருக்கும்போது அவன் கூப்பிட்டா எங்கேஜ்டா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் அவருடைய புகார்.

யூசுப் அண்ணன் கடிகாரத்தைக் கழற்றினார்.

அன்று நாங்கள் ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து என் ஹேண்ட்போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நிறுவனத்தின் எண்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. அதன் கடைசி இரண்டு எண்கள் நாலு, ஏழு. லெட்சுமி அக்கா வீட்டு எண்ணும் அதேதான்; கடைசியில் மட்டும் ஏழு, நாலு. எங்கோ யாரோ தட்டும்போது இடம் மாறியிருக்கிறது. ஆனால் எங்கே? நிறுவனத்தின் இணைப்பகத்தில் இருந்த எல்லாப் பதிவுகளையும் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

நிறுவன மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே பாத்தீங்கதானே. எங்க சைட் ஓகே. அந்த அம்மா லைன்லதான் ஏதோ இருக்கு" என்றார். வேலைத் தாளில் நான் "இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து யூசுப் அண்ணன் என்னை ஜெலுத்தோங்குக்குக் கூட்டிப் போனார். "கேக்கிறவங்க பக்கத்துல உக்காந்து கேப்போம்" என்றார். கூடத்தில் தையல் இயந்திரம், அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் போன். காலை முழுக்க அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. நாங்கள் நம்பாமல் போய்விடுவோமோ என்று இரண்டு தடவை காப்பி போட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது.

"இல்லம்மா, இது வீடு. பார்சல் ஆபீஸ் நம்பர் கடைசியில நாலு ஏழு. ஆமா, நாலு ஏழு. பிறந்தநாள் சாமானா? இன்னிக்கே வந்துரும், கவலப்படாதீங்க."

வைத்தார். உடனே மறுபடி அடித்தது. திட்டியவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே பதிலைச் சொன்னார். சரியான எண் தெரிந்த பிறகு எல்லாருக்கும் அதைச் சொல்லிவிடுவது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். ஒருவர் விடாமல், எத்தனை மணிக்கு உங்களுக்கு மிஸ்டு கால் வந்தது என்று அவரைக் கேட்கச் சொன்னேன். எல்லாமே மதியத்துக்குப் பிறகு வந்தவை. நாங்கள் சோதனை செய்ததோ காலையில்.

இடையில் மணியம் வந்தார். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். யூசுப் அண்ணன் எழுந்து, "வாங்க தம்பி, நாங்க போன் பாக்க வந்தவங்க" என்றார். போன் என்றதும் மணியம் தன் எண்ணைப் பாடத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, ஒவ்வோர் எண்ணையும் இழுத்து, கடைசி நாலில் குரலை மெல்ல இறக்கிப் பாடினார். நாங்கள் மூவரும் அசையாமல் கேட்டோம். அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதன் பிறகு யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் மதிய நேரத்தில் மறுபடியும் செபராங் ஜெயா போனோம். மதியம் அங்கே திருவிழா மாதிரி இருந்தது. கால் பிரிவில் ஒரு போன்கூடச் சும்மா இல்லை. லோரிகள் வெளியே போகும் முன் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று எல்லா வாடிக்கையாளர்களையும் கேட்டாக வேண்டும். சோதனை செய்ய எங்களுக்கு ஒரு மேசைகூடக் கிடைக்கவில்லை. "நாலு மணிக்கு மேல வாங்கண்ணே" என்றாள் ஷீலா. நாலு மணிக்கு மேல் வந்து என்ன பயன் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது என் ஹேண்ட்போன் அடித்தது.

"விஜயா, நான் லெட்சுமிம்மா. பக்கத்து வீட்டு ஹேண்ட்போன்ல பேசுறேன்." பின்னால் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது. "மணியம் இன்னும் வரல. லிட்டில் இந்தியாவுல பாக்கலங்கிறாங்க. எங்கயாச்சும் நின்னு கூப்பிட்டுக்கிட்டிருப்பான். வீட்டு போனை வெச்சா அடுத்த நொடி பார்சல்தான் அடிக்குது."

யூசுப் அண்ணனிடம் சொன்னேன். அவர் நேராக ஷீலாவின் மேசைக்குப் போனார்.

"மா, கொஞ்ச நேரம் யாரும் வெளிய கால் பண்ண வேணாம்."

ஷீலா திகைத்தாள். "அண்ணே, லோரி எல்லாம் வெளிய நிக்குது. பாஸ் வேற இல்ல. நான் எப்படி நிறுத்துறது?"

அவருடைய குரல் இன்னும் இறங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அந்த அக்காவோட தம்பி எங்கயோ வழி தெரியாம நிக்கிறாரு. அவருக்கு ஒரே ஒரு நம்பர்தான் தெரியும். உங்க கஸ்டமருங்க அதுல பேசிக்கிட்டு இருக்காங்க."

ஷீலா எழுந்து, "எல்லாரும் கேளுங்க. பேசிக்கிட்டிருக்கிற காலை முடிச்சிட்டு போனை வையுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் எடுக்கக்கூடாது. பாஸ் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொரு போனாக இறங்கியது. அந்தக் கூடத்தில் குளிர்சாதனத்தின் இரைச்சல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஹேண்ட்போனை வைக்க வேண்டாம் என்று லெட்சுமி அக்காவிடம் சொல்லியிருந்தேன். என் போனின் ஸ்பீக்கரைப் போட்டேன். ஜெலுத்தோங்கில் அவர் வீட்டு போன் அடிப்பது கேட்டது.

"இல்லம்மா, இது வீடு. நாலு ஏழு."

மறுபடி அடித்தது. மறுபடி பார்சல். ஏற்கெனவே போன அழைப்புகளுக்குத் திருப்பிக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். பிறகு கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. பிறகு நீண்ட இடைவெளி. கூடத்தில் ஒரு பெண் கையைக் கூப்பி வாயருகே வைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. லெட்சுமி அக்கா இந்த முறை நாலு ஏழு என்று சொல்லவில்லை. "ஆமா. ஆமாங்க. என் தம்பிதான்" என்றார். அழுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மணியம் ஃபெர்ரியில் நாங்கள் இருந்த கரைக்கு வந்து, கூட்டத்தோடு இறங்கி, கூட்டத்தோடு ஒரு பஸ்ஸிலும் ஏறியிருக்கிறார். பாகான் ஆஜாமில் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் போய்ப் பாடியிருக்கிறார். கடைக்காரர் மதியத்தில் இருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன், பக்கம்தான்" என்று யூசுப் அண்ணன் வேன் சாவியை எடுத்தார். வாசலில் குனிந்தவர் திரும்பி, "நீ இங்க பாத்துக்க" என்றார்.

நான் கூடத்தைப் பார்த்தேன். பரபரப்பான மதிய நேரம்; எல்லா மேசையிலும் ஆள்; எல்லார் கையும் சும்மா இருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு இனிக் கிடைக்காது.

"ஷீலா, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி. எல்லாரும் அவங்கவங்க மேசை போன்ல இருந்து சொந்த ஹேண்ட்போனுக்குக் கூப்பிடணும். ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தர். யாரும் வைக்கக்கூடாது."

முதல் மேசையில் இருந்து தொடங்கினோம். ஒருவர் ஒரு காதில் மேசை போனும் மறு கையில் ஹேண்ட்போனுமாக, திரையைப் பார்த்துக் கடைசி இரண்டு எண்களை உரக்கச் சொன்னார். "நாலு ஏழு." அடுத்தவர், "நாலு ஏழு." ஹேண்ட்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, குழந்தை சிரிக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. நாலு ஏழு, நாலு ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்து, சன்னலோரத்து மேசையில் ஒரு பெண் நிறுத்தினாள்.

"அக்கா, எனக்கு ஏழு நாலு."

அவளுக்கு அடுத்தவருக்கும் ஏழு நாலு. அதற்கு அடுத்தவருக்கும்.

செபராங் ஜெயாவின் இணைப்புகள் எல்லாம் நிறைந்துவிட்டால், மிச்சமான அழைப்புகள் கெப்பாலா பத்தாஸில் இருந்த அவர்களுடைய கிளை அலுவலகம் வழியாக வெளியே போயின. அங்கே தனியாக ஒரு சிறு பெட்டி இருந்தது. முன்பு வேறு யாரோ பொருத்தியது. அதில்தான் எண் இடம் மாறிப் பதிந்திருந்தது. பழைய கம்பி இணைப்பில், நாம் தவறான எண்ணை அனுப்பினாலும் தொலைபேசி நிலையம் அதைத் தள்ளிவிட்டுச் சரியான எண்ணைப் போட்டுவிடும். அதனால் அந்தத் தவறு அங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. புதிய இணைப்பு, நாம் சொன்னதை அப்படியே நம்பியது.

யூசுப் அண்ணன் மணியத்தோடு வந்து சேர்ந்தார். மணியத்தின் தலைமுடி அழகாக வெட்டப்பட்டு, நெற்றியில் பவுடர் போட்டிருந்தது. எங்கேஜ்ட் எங்கேஜ்ட் என்று வந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் பயப்படக்கூடாது என்று கடைக்காரர் உட்கார வைத்து முடி வெட்டிவிட்டிருந்தார். ஷீலா மைலோ கலக்கிக் கொடுத்தாள். கால் பிரிவில் இருந்த ஒவ்வொருவரும் மேசையை விட்டு எழுந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவர் தோளைத் தொட்டார். அவர்களில் எத்தனை பேரின் அழைப்பு அந்த வீட்டுக்குப் போய் முடிந்ததோ, அவர்களுக்கே தெரியாது.

மறுநாள் காலை கெப்பாலா பத்தாஸ் போய் எண்ணை மாற்றினேன். வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளர் ஷீலாவைக் கடிந்துகொள்வார் என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லெட்சுமி அக்கா வீட்டுக்கு ஒரு கூடைப் பழம் அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பார்சலாகத்தான்.

வார முடிவில் நாங்கள் ஜெலுத்தோங் போனோம். போன் மதியம் முழுக்க அமைதியாக இருந்தது. லெட்சுமி அக்கா சிரித்தார், ஆனால் தையல் இயந்திரத்தில் இருந்து எழவில்லை. யூசுப் அண்ணன் அவரைக் கவனித்தார்.

"நீங்க வெளிய போறதே இல்லையா?"

"எப்படிண்ணே போறது? அவன் வெளிய இருக்கும்போது நான் போன்கிட்ட இருக்கணும். அம்மா போனதுல இருந்து இப்படித்தான். செபராங் ஜெயாவுக்கு வந்த அன்னிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து உக்காந்திருந்தாங்க."

யூசுப் அண்ணன் என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு சிறிய ஹேண்ட்போனை அவர் அன்றைக்குக் கொண்டுவந்திருந்தார். ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டு போன் சில தடவை அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அந்த ஹேண்ட்போனுக்குப் போகும்படி அமைத்தேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

"கீழ போய் நில்லுங்கக்கா. நாங்க இங்க இருந்து வீட்டு நம்பருக்குக் கூப்பிடுறோம்" என்றேன்.

மணியம் அன்றைய நடையை முடித்து வந்து, யூசுப் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். லெட்சுமி அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். நான் என் ஹேண்ட்போனில் இருந்து கூப்பிட்டேன். கூடத்தில் போன் அடித்தது, ஓய்ந்தது.

"வருதும்மா. கார் நிறுத்துற இடத்துல நிக்கிறேன்."

"சரிக்கா, மேல வாங்க."

"இரும்மா. பஸ் நிக்கிற இடத்துல அடிக்குதான்னு பாத்துடுறேன்."

மறுபடி கூப்பிட்டேன். அங்கேயும் அடித்தது. மார்க்கெட்டில் அடிக்குமா என்று கேட்டார். அடிக்கும் அக்கா என்றேன். எதற்கும் போய்ப் பார்த்துவிடுவதாகச் சொன்னார். மார்க்கெட்டில் இருந்து பேசியபோது பின்னால் மீன்காரரின் கூவல் கேட்டது. அதன் பிறகு வெகுநேரம் கழித்து நான் கூப்பிட்டபோது காற்றுச் சத்தம் மட்டும்தான் முதலில் வந்தது.

"கடலோரம் வந்துட்டேன்மா" என்றார். "இங்கயும் அடிக்குது."

"என்ன சொல்றாங்க?" என்று யூசுப் அண்ணன் கேட்டார்.

நான் போனைக் காதில் இருந்து எடுக்காமல், இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கிறாராம் என்று சொன்னேன்.